காசு கொடுத்துக் கூண்டு கழுவப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 19. பலதுறைத் தொழிற்கல்லூரி முடிந்துவிட்டது, பல்கலைக்கழகம் தொடங்க நான்கு மாதம் இருக்கிறது. போர்னியோவில் ஒரு வனவிலங்கு மீட்பு நிலையத்தில் ஒரு மாதம் தொண்டூழியம் செய்ய ஆசை. ஏஜென்ட் ஒருவர் விமானச் செலவு சேர்க்காமலேயே 3,200 வெள்ளி கேட்கிறார். அவருடைய விளம்பரத்தில் ஒரு பெண் ஒராங் ஊத்தான் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அம்மாவோ, “காசையும் கொடுத்துச் சாணி அள்ளப் போறியா?” என்கிறார். போகலாமா, போவதென்றால் எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

அம்மா சொன்னது முழுக்கச் சரி. காசு கொடுத்துச் சாணி அள்ளத்தான் போகிறீர்கள். அதற்குச் சம்மதம் என்றால் தாராளமாகப் போங்கள். குட்டியை இடுப்பில் வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் பணத்தை வங்கியிலேயே விட்டுவிடுங்கள். கறாராகவே சொல்கிறேன், அப்படி ஒரு படத்தைப் போட்டு ஆள் பிடிக்கிற இடத்துக்கு யாருமே போகக்கூடாது.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு விலங்கு மருந்தகத்தில் பதினாறு ஆண்டுகளாக உதவியாளர். வருடாந்திர விடுப்பைச் சேர்த்து வைத்து நான்கு முறை இப்படிப் போய் வந்திருக்கிறேன். முதல் தடவை நானும் அந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் போனேன். எந்த நாடு, எந்த நிலையம் என்பது வேண்டாம். போய் இறங்கிய சாயங்காலமே ஒரு நீளவால் குரங்குக் குட்டியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு கிலோகூட இருக்காது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, பின்னந்தலை முடியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. காதோரம் புளித்த பால் வாடையோடு அதன் மூச்சு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிரவு தங்கைக்கு இருபது படம் அனுப்பினேன்.

நான்காம் நாள் ஒரு டச்சுப் பெண்ணின் முறை முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பினாள். எனக்கு முன்னால் இரண்டு வாரம் அந்தக் குட்டியைச் சுமந்தவள் அவள். அவளுடைய வண்டி வாசலைத் தாண்டியதும் குட்டி போட்ட கத்தல் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. என் கையிலிருந்து திமிறியது, கட்டை விரலுக்குக் கீழே கடித்தது, இறங்கி ஓடி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஊழியர், “எல்லாரும் போகும்போது இப்படித்தான், நாளைக்குச் சரியாயிடும்” என்றார். எல்லாரும் போகும்போது! இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே ஒரு முறை தாயை இழந்த குட்டி, ஒரு வருடத்தில் இன்னும் எத்தனை தாயை இழக்கிறது? நான் அங்கே செய்த தொண்டு, அந்த வரிசையில் இன்னொருத்தியாகப் போய் நின்றதுதான்.

கடிபட்ட கதை தனி. “சின்னக் கடி, ஒன்றும் ஆகாது” என்றார்கள், நானும் கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். விலங்கு மருந்தகத்தில் வேலை பார்க்கிற நான்! இங்கே திரும்பி வந்து டாக்டரிடம் காட்டியபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. மூன்று தலைமுறையாக அந்த பயமே இல்லாமல் வளர்ந்துவிட்டோம். தமிழ்நாட்டில் ஒரு பாட்டிக்குத் தெரிந்த சங்கதி நமக்குத் தெரிவதில்லை. நாய் மட்டுமில்லை, பாலூட்டி எது கடித்தாலும் வெறிநோய் வரலாம், அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் 2017 முதல் அந்த நோய் பரவி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ‘பக்கத்து ஊர்தானே’ என்று நினைக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலை, கிளம்ப ஆறு வாரம் முன்னாலேயே பயணத் தடுப்பூசி மருந்தகத்துக்குப் போவது. டான் டொக் செங் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெறிநோய்க்கு முன்கூட்டியே போடும் ஊசியை இப்போது உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வார இடைவெளியில் இரண்டு என்று சொல்கிறது. உங்களுக்கு இரண்டா மூன்றா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஊசி போட்டாலும் கடித்தால் மறுபடி ஊசி உண்டுதான். ஆனால் இம்யூனோகுளோபுலின் என்று ஒரு மருந்து இருக்கிறது, முன்னரே ஊசி போடாதவருக்குக் கடிவாயைச் சுற்றிச் செலுத்துவது. விலை அதிகம், சின்ன ஊர் மருத்துவமனைகளில் இல்லாமலும் போகலாம். முன்கூட்டியே போட்டவருக்கு அது தேவைப்படாது. எது கடித்தாலும் கீறினாலும் முதலில் சோப்பும் ஓடுகிற தண்ணீரும், பதினைந்து நிமிடம். தைலம் கிடையாது.

ஹெப்பட்டைட்டிஸ், டைஃபாய்டு, டெட்டனஸ் எல்லாம் வழக்கமானவை. மலேரியாவைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். போர்னியோவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற வகை இருக்கிறது. சரவாக்கின் காப்பிட் பகுதி நோயாளிகளை ஆராய்ந்து, இது அங்கே மனிதர்களிடம் பரவலாக இருக்கிறது என்று 2004-ல் வெளியிட்டார்கள். மலேசியா மற்ற மலேரியாவை ஏறக்குறைய விரட்டிவிட்டது, இது போகவில்லை.

நோய் எதிர்த்திசையிலும் பயணம் செய்யும். நமக்குச் சாதாரணச் சளி, ஒராங் ஊத்தானுக்கு நிமோனியா ஆகலாம். நல்ல நிலையங்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கேட்கும், முகக்கவசம் போடச் சொல்லும், தும்மினால் அன்றைக்குச் சமையலறை வேலைக்கோ தோட்ட வேலைக்கோ அனுப்பிவிடும். உங்களிடம் எந்த மருத்துவச் சான்றும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிற இடம் என்றால், அங்கே விலங்கின் உடம்பைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏஜென்ட் உங்களிடம் என்ன கேட்டார்?

இனி நல்ல இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டாம் தடவை போர்னியோவுக்குப் போனேன். காலை ஆறரைக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை. கரடிகளை வெளி அடைப்புக்கு அனுப்பிவிட்டு, இரவில் அவை தூங்கிய அறையைக் கழுவ வேண்டும். எங்களுக்கும் கரடிக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவு, இரண்டு பூட்டு. பூட்டைத் தொடும் உரிமை ஊழியருக்கு மட்டும்தான். சூரியக் கரடியின் சாணியில் நேற்று தின்ற பழத்தின் கொட்டைகள் அப்படியே இருக்கும். வெறுமனே அள்ளிக் கொட்டிவிட முடியாது. எந்தக் கூண்டில் எவ்வளவு, இளகலா கெட்டியா, எது மிச்சம் வைத்திருக்கிறது என்று பலகையில் எழுத வேண்டும். அப்புறம் நறுக்கல். வாழைப்பழம், பப்பாளி, சர்க்கரைவள்ளி, பயற்றங்காய். தேக்கா சந்தையில் கல்யாணத்துக்குக் காய்கறி வாங்குகிற மாதிரி மூட்டை மூட்டையாக வரும். நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நறுக்கினால் ஒரு வேளைக்குப் போதும்.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு மிகவும் பிடித்த வேலை. விலங்குக்கு வேலை கொடுக்கிற வேலை, அங்கே எல்லாரும் என்ரிச்மென்ட் என்றுதான் சொல்வார்கள். காட்டில் ஒரு சூரியக் கரடி நாள் முழுக்கக் கட்டையை உடைத்துக் கறையான் தேடும், மரப்பொந்தில் தேன் எடுக்கும். கூண்டில் தட்டில் வைத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் சுவரோரம் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்கும். அதனால் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறோம். தடித்த மூங்கிலைக் கணுவோடு அறுத்து, துளை போட்டு, உள்ளே தேனும் கடலை மாவும் பிசைந்து அடைத்து, வாயை இலையால் இறுக்கி மூடினேன். மூங்கில் சிலாம்பு ஏறி விரலெல்லாம் எரிச்சல். ஒன்று செய்ய எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. முகத்தில் பழைய கம்பித் தழும்பு உள்ள ஒரு பெட்டைக் கரடி அதை எடுத்து மோந்து பார்த்தது, மல்லாக்கப் படுத்து நான்கு காலாலும் உருட்டியது, கிட்டத்தட்ட ஓர் அடி நாக்கைத் துளைக்குள் விட்டுத் துழாவியது, பொறுமை போனதும் நகத்தைக் கொடுத்து நெடுக்காகப் பிளந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

பக்கத்தில் நின்ற மூத்த பராமரிப்பாளர் சிரித்தார். “நாளைக்கு இன்னும் தடியான மூங்கில் வெட்டுவோம்” என்றார் மலாயில். ஒரு மாதத்தில் நான் ஒரு கரடியைக்கூடத் தொடவில்லை. அந்தப் பதினோரு நிமிடத்துக்காக மறுபடி இரண்டு முறை போனேன்.

தேர்ந்தெடுக்க முழு நீளப் பட்டியல் எதுவும் தேவையில்லை. மூன்று நான்கு கேள்வி கேட்டால் போதும். தொண்டூழியர் விலங்கைத் தொடுவாரா? தொடுவார் என்றால், ஏன்? கைக்குட்டிகளுக்குப் பால் புகட்ட ஆள் வேண்டும்தான், ஆனால் அதற்கு நிரந்தர ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும், வாரம் ஒரு முகம் கூடாது. காட்டில் ஒராங் ஊத்தான் குட்டி ஆறேழு வருடம் தாயோடு இருந்து பாடம் படிக்கிறது. மனிதனைப் பார்த்தால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று படித்த குட்டியைக் காட்டில் விட்டால், அது வேட்டைக்காரனையும் போய்க் கட்டிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, விலங்கு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது. பறிமுதல் செய்தது யார், எத்தனையைத் திரும்பக் காட்டில் விட்டார்கள், விட்டபின் கண்காணிக்கிறார்களா. எல்லாவற்றையும் விட முடியாது என்பதும் உண்மை. இந்தப் பக்கத்து இரவுத் தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் மெலிந்த ஆளைத் தேவாங்கு என்று கேலி செய்வோமே, அதன் சொந்தக்காரன்தான், கொஞ்சம் குண்டு. விஷமுள்ள குரங்கினம் உலகில் இது ஒன்றுதான். முழங்கை உட்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது, அதை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும். கடிக்காமலிருக்க வியாபாரிகள் நகவெட்டியால் அதன் பல்லை வெட்டி விடுகிறார்கள். பல் போன தேவாங்கைக் காட்டில் விட்டால் பிழைக்காது, சாகும்வரை நிலையத்தில்தான். கிச்சுக்கிச்சு மூட்டக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தேவாங்கு வீடியோ ஒன்று எல்லார் போனுக்கும் வந்திருக்குமே, அது ரசிப்பதில்லை. விஷச் சுரப்பியை எடுக்கக் கையைத் தூக்குகிறது, பயத்தில்.

மீட்பு நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டு வருடா வருடம் புதுக் குட்டிகள் காட்டுகிற இடம் என்றால் எழுந்து ஓடுங்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிக்கோயில் என்று பெயர் பெற்ற ஒரு பௌத்த மடம் இருந்தது. வெளிநாட்டுத் தொண்டூழியர்களும் அங்கே போய்க் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தார்கள், புண்ணிய காரியம் என்றே நினைத்தார்கள். 2016-ல் அதிகாரிகள் உள்ளே போய் 137 புலிகளை வெளியே கொண்டுவந்தார்கள். உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. புட்டிப்பால் கொடுத்த அந்தப் பிள்ளைகளின் மனசு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்களும் உங்களைப் போல நல்ல எண்ணத்தோடு போனவர்கள்தான்.

யானை விஷயத்திலும் இப்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். சவாரி தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதனால் ‘குளிப்பாட்டலாம் வாங்க’ என்று மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து கூட்டத்துக்கு ஐந்து குளியல் யானைக்கு எதற்கு? 2025 ஜனவரியில் தாய்லாந்தில் இப்படிக் குளிப்பாட்டும்போது யானை தாக்கி ஸ்பெயினைச் சேர்ந்த மாணவி ஒருவர் இறந்தே போனார்.

உங்கள் ஆசை போர்னியோ என்பதால், பெயர் சொல்லி ஒரு இடம். போர்னியோவின் இன்னொரு மலேசிய மாநிலமான சபாவில், சண்டாக்கான் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் செப்பிலோக். அங்கே 1964-ல் தொடங்கிய ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே போர்னியோ சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம். வோங் சியூ தே என்ற மலேசிய உயிரியலாளர் 2008-ல் தொடங்கியது. உலகிலேயே சின்னக் கரடி இனம் இது, தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியை வீட்டில் வளர்க்கப் பிடித்து வருவதால் அநாதையானவைதான் அங்கே நிறைய. இரண்டும் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய இடங்கள். ஆகவே பணம் கட்டுமுன் ஒரு நீண்ட வாரக்கடைசிக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். பார்வை மேடையிலிருந்து விலங்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஊழியர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தாலே மற்ற இடங்களை எடைபோட ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். சண்டாக்கானுக்குக் கோலாலம்பூரிலோ கோத்தா கினபாலுவிலோ விமானம் மாறிப் போக வேண்டும். சபாவுக்குள் நுழையும்போது தனியாகக் குடிநுழைவு முத்திரை உண்டு.

பணத்துக்கு வருவோம். ‘வேலையும் செய்து காசும் ஏன் கொடுக்கணும்’ என்பது நியாயமான கேள்விதான். உங்களுக்குச் சாப்பாடு, படுக்கை, சொல்லிக்கொடுக்க ஒரு ஊழியரின் நேரம், இதெல்லாம் செலவு. அதற்குமேல் கொடுப்பது தீவனத்துக்கும் மருந்துக்கும் போகிறது. கூண்டில் ஒரு சூரியக் கரடி முப்பது வருடம்கூட இருக்கும், அத்தனை வருடமும் தினமும் தின்னும். தொண்டூழியர் கட்டணம் இல்லாவிட்டால் பல நிலையங்கள் மூடிவிடும். கட்டணத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஏஜென்ட் எடுக்கிற பங்கைத்தான் கேட்கச் சொல்கிறேன். 3,200-ல் நிலையத்துக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நிலையத்துக்கே நேரே எழுதுங்கள். பல நிலையங்கள் நேரடியாகவே ஆள் எடுக்கின்றன, பதில் வர மூன்று வாரம் ஆகலாம். பதில் எழுத வேண்டியவரும் காலையில் கூண்டுதான் கழுவிக்கொண்டிருப்பார்.

விசாவையும் அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குப் பெரும்பாலான ஆசியான் நாடுகளில் விசா இல்லாமல் நுழையலாம் என்பது சுற்றுலாவுக்கு. சம்பளமில்லாத வேலையும் சில நாடுகளில் வேலைதான், அதற்கு வேறு அனுமதி வேண்டும். ‘யாராவது கேட்டால் டூரிஸ்ட் என்று சொல்லிவிடு’ என்கிற நிலையம் சட்டத்தை மதிக்காத நிலையம், பறிமுதல் விலங்கின் காகிதத்தை மட்டும் ஒழுங்காக வைத்திருக்குமா? காப்புறுதியிலும் சின்ன எழுத்தைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் உடலுழைப்பு வேலையில் பட்ட காயத்துக்குப் பணம் கிடைக்காது.

எவ்வளவு நாள் என்றால், இரண்டு வாரத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள். முதல் வாரம் முழுக்க நீங்கள் அவர்களுக்குப் பாரம்தான், எந்த வாளி எதற்கு என்று தெரிவதற்குள்ளேயே ஐந்து நாள் ஓடிவிடும். ஒரு மாதம் நல்ல அளவு. பள்ளிக்கூடத்தில் தொண்டூழிய மணிநேரத்தை எண்ணி எண்ணி எழுதிய பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இருக்கும், அதை சாங்கி விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். கைத்தொழில் ஏதாவது தெரிந்தால் அங்கே அதற்குத்தான் மவுசு. என்னோடு இருந்த தெம்பனிஸ் பையன் ஒருவன் தேசிய சேவையில் வெல்டிங் கற்றவன். இரண்டே வாரத்தில் ஆறு கூண்டுக் கதவைச் சரி செய்தான். நாங்கள் எல்லாரும் நறுக்கிய வாழைப்பழத்தைவிட அது உபகாரம்.

சைவமாக வளர்ந்தவர் என்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நமக்குக் காய்கறி கிடைக்கும். சோறு, கங்கோங் கீரை, முட்டை என்று மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோனால் பிழைத்தீர்கள். ஆனால் மூசாங் என்கிற மரநாய்க்கும் நீர்நாய்க்கும் ஆந்தைக்கும் கோழியும் மீனும் வெட்டித்தான் ஆக வேண்டும். எங்களோடு வந்த ஓர் அக்கா முதல் நாள் கோழித் தலை வாளியைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு பொறுப்பாளரிடம் சொல்லி, மாதம் முழுக்க இலை வெட்டும் வேலையை வாங்கிக்கொண்டார். ஒருவரும் தவறாக நினைக்கவில்லை. விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தால் அந்த முதல் நாளும் தேவைப்பட்டிருக்காது.

மலாய் கொஞ்சம் தேற்றிக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டிக்கெல்லாம் பாசார் மலாய் என்கிற சந்தை மலாய் சரளம், உங்கள் தலைமுறையில் விட்டுப்போய்விட்டது. நிலையத்தில் உண்மையான நிபுணர்கள் அந்த ஊர்ப் பராமரிப்பாளர்கள்தான். எந்தக் கரடி இன்றைக்குக் கோபமாக இருக்கிறது என்பது டாக்டருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ‘அபாங்’ (அண்ணன்), ‘காக்’ (அக்கா) என்று மரியாதையாகக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினால், அவர்கள் சொல்லித்தருவது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாதது.

போக இன்னும் மாதங்கள் இருக்கிறதல்லவா, அதற்குள் இங்கேயே தொடங்கலாம். லூயிஸ் இங் 2001-ல் தொடங்கிய ஏக்கர்ஸ் அமைப்பு மலைப்பாம்பு, மூசாங், காயம்பட்ட பறவை என்று நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையில் சிக்கும் விலங்குகளை மீட்கிறது, தொண்டூழியர்களையும் சேர்த்துக்கொள்கிறது. 2018-ல் இங்கிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானம் ஏறி இந்தியாவுக்குத் திரும்பின, அதற்கு இவர்களும் காரணம். அழகாக இருக்கிறதே, வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று பெட்டியில் கடத்தி வந்து வளர்க்கப்பட்டவை அப்படிப்பட்ட ஆமைகள். நம் ஆட்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆமையைப் பார்த்திருக்கிறேன், அது சட்டவிரோதம் என்றதும் அந்த வீட்டு மாமா அதிர்ந்துபோனார்.

இதையெல்லாம் வேறு யாரோ செய்கிற குற்றமாகப் பார்க்க வேண்டாம். 2019 ஜூலையில் நம் துறைமுகத்தில் ஒரே கப்பல் சரக்கில் 8.8 டன் யானைத் தந்தமும் அழுங்கு என்கிற எறும்புத்தின்னியின் 11.9 டன் செதிலும் பிடிபட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாமுக்குப் போகிற வழியில் நாம் ஒரு நிறுத்தம். போர்னியோவில் கூண்டு கழுவுகிற கைக்கும் நம் ஊர்த் துறைமுகத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு. இன்னும் சின்ன அளவில் பார்த்தால், 2020 ஜூன் முதல் இங்கே வனவிலங்குக்குத் தீனி போடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அனுமார் என்று நினைத்து நீர்த்தேக்கத்தில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகிற பெரியவரிடமும், அமாவாசைக்குப் புளோக் கீழே காக்கைக்குச் சோறு வைக்கிற அத்தையிடமும் மனம் நோகாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். கரடிக் கூண்டு கழுவுவதைவிடக் கஷ்டமான தொண்டு அது!

அம்மாவிடம் அந்தக் குட்டிப் படத்தைக் காட்டாதீர்கள். சாணி அள்ளுவது, இரண்டு பூட்டு, ஊசி, காப்புறுதி, பக்கத்தில் எந்த மருத்துவமனை, இவற்றைச் சொல்லுங்கள். என் அம்மா மூன்றாம் தடவைதான் நிம்மதியாக அனுப்பினார், அதுவும் பராமரிப்பாளரின் மனைவியோடு போனில் பேசிய பிறகு. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய், பேச்சு முழுக்க என்னைப் பற்றிய புகார்.

சாமான் அதிகம் வேண்டாம். முஸ்தபா கடையில் தலைவிளக்கு, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் போடும் காலுறை, மலிவான முழுக்கை டீ சட்டை நாலு. புதுச் சட்டை வேண்டாம், எதுவும் அதன் நிறத்தில் திரும்பி வராது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், காதில் தொங்கட்டான் கூடாது. ரப்பர் பூட்ஸ் மட்டும் நல்லதாக, அரை அளவு பெரிதாக வாங்குங்கள். வரும்போது அதைத் தூக்கி வராமல் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உள்ளே உங்கள் அளவை எழுதி, அங்கே சுவரோரம் வரிசையாக இருக்கும் மற்ற பூட்ஸோடு வைத்துவிடுங்கள். நான் முதல் நாள் போட்டுக்கொண்டதும் அப்படி யாரோ விட்டுப்போன ஜோடிதான், ஒரு அளவு பெரிது, இடது காலில் ஓட்டை.